பழைய பிட்-ஸ்லைஸ் மதிப்பீட்டு போர்டுகள்: அடையாளம் காண்பதும் இயக்கிப் பார்ப்பதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய எலெக்ட்ரானிக்ஸ் குவியலில் 2901, 3002 என்று எண் பொறித்த போர்டு ஒன்று கையில் கிடைத்தால், அது என்ன, எதற்காகச் செய்தது, உயிரோடு இருக்கிறதா என்று கண்டுபிடிப்பதற்கான பக்கம் இது. மல்டிமீட்டர், மின்னோட்ட வரம்பு வைக்கக்கூடிய பவர் சப்ளை, லாஜிக் ப்ரோப், இவ்வளவும் இருந்தால் போதும். ஆசிலாஸ்கோப் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் பெரும்பாலான வேலை நடக்கும்.

பிட்-ஸ்லைஸ் என்றால் என்ன?

1970-களின் தொடக்கத்தில் ஒரே சிப்பில் அடங்கிய மைக்ரோபிராசசர்கள் எம்ஓஎஸ் தொழில்நுட்பத்தில் வந்தன. அவை மெதுவானவை. வேகமான பைபோலார் ஷாட்கி டிடிஎல் என்ற 5 வோல்ட் லாஜிக் சிப் வகையில் முழு சிபியுவையும் ஒரு சிப்பில் திணிக்க முடியவில்லை, சூடும் இடமும் விடவில்லை. அதனால் சிபியுவை நீளவாக்கில் கீறினார்கள். ஏஎல்யுவும் (கணக்கிடும் பகுதி) பதிவகங்களும் (ரிஜிஸ்டர்கள்) சேர்ந்த 2 பிட் அல்லது 4 பிட் அகலத் துண்டு ஒரு சிப். அதை வரிசையாக அடுக்கினால் வேண்டிய அகலம் கிடைக்கும்: 4 பிட் துண்டு நான்கு வைத்தால் 16 பிட்.

அந்தத் துண்டுக்குச் சொந்தமாக அறிவுறுத்தல் தொகுதி எதுவும் கிடையாது. ஒவ்வொரு கடிகாரத் துடிப்பிலும் என்ன செய்ய வேண்டும் என்பதை அகலமான ஒரு மைக்ரோ சொல் சொல்கிறது. அந்தச் சொற்கள் தனி நினைவகத்தில் இருக்கும். அடுத்து எந்தச் சொல் என்று தேர்ந்தெடுக்க சீக்வென்சர் என்ற இன்னொரு சிப் உண்டு. ஆகவே இந்த போர்டைப் புரிந்துகொள்ள சிபியு சிப்பை மட்டும் பார்த்தால் போதாது. மைக்ரோ சொல் எத்தனை பிட் அகலம், ஒவ்வொரு பிட்டும் எந்தக் காலுக்குப் போகிறது என்று தெரிந்துகொண்டால்தான் போர்டு தெரியும். இந்தப் பக்கத்தில் மீதி எல்லாம் அதைக் கண்டுபிடிக்கும் வழிகள்தான்.

மதிப்பீட்டு போர்டுகளை ஏன் விற்றார்கள்?

இன்டெலின் 8080 போன்ற ஒரே சிப் மைக்ரோபிராசசரை வாங்கியவர் அதன் அறிவுறுத்தல் பட்டியலைப் படித்தால் போதும். 2901 வாங்கியவர் தானே ஒரு கணினியை வடிவமைக்க வேண்டும். மைக்ரோநிரல் (மைக்ரோ சொற்களின் வரிசை) எழுதிப் பழகாத பொறியாளர்களுக்கு அது பெரிய தடை. அதைத் தாண்ட வைக்கவே தயாரிப்பாளர்கள் சுவிட்சும் எல்இடியும் வைத்த சிறிய போர்டுகளைக் கொடுத்தார்கள்.

ஏஎம்டி நிறுவனம் 2900 குடும்பத்துக்கென ஒரு கற்றல்-மதிப்பீட்டு கிட் விற்றது. ஒரு 4 பிட் துண்டு, ஒரு சீக்வென்சர், சுவிட்சால் எழுதக்கூடிய 16 சொல் மைக்ரோ நினைவகம், சொல்லுக்கு 32 பிட். பின்னாளில் 29203 சிப்புக்கென்றே ஒரு மதிப்பீட்டு போர்டையும் வெளியிட்டது. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் எல்சிஎம்-1001 என்ற மைக்ரோபுரோகிராமர் கற்றல் பெட்டியில் எஸ்பிபி0400 என்ற 4 பிட் துண்டு இருந்தது. இன்டெலின் 3000 தொடரை மாற்று வழங்குநராகத் தானும் தயாரித்த சிக்னெடிக்ஸ், அந்தச் சிப்புகளைக் கொண்டே 8080-ஐப் போல நடக்கும் ஒரு கிட்டை விற்றது. இந்தக் கடைசி வகையைச் சுவிட்ச் போர்டுகளோடு சேர்த்துப் பார்க்கக் கூடாது. அதில் மைக்ரோநிரல் ஏற்கெனவே புரோமில் (ஒருமுறை மட்டும் எழுதக்கூடிய நினைவகம்) எழுதியிருக்கும், வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது ஒரு 8080.

எந்த எண்ணைப் பார்த்தால் எந்தக் குடும்பம்?

முதலில் தேட வேண்டியது 2901. 1975-இல் ஏஎம்டி கொண்டுவந்த 40 கால் சிப். 16 பதிவகங்கள், கூடவே கியூ என்ற தனிப் பதிவகம், எல்லாம் 4 பிட் அகலம். நேஷனல் இதை ஐடிஎம்2901 என்றும், மோட்டோரோலா, சிக்னெடிக்ஸ், ரேதியான் முதலியோர் தங்கள் முன்னெழுத்துகளோடும் விற்றார்கள். சோவியத் நாட்டில் அதுவே கே1804விஎஸ்1. இதைவிடப் பெரிய 2903-க்கு 48 கால். பெருக்கல், வகுத்தல் படிகள் உள்ளேயே உண்டு, 29203 அதன் மேம்பட்ட வடிவம்.

கூட வரும் சீக்வென்சர் மூன்று: 28 கால் 2909, 20 கால் 2911, 40 கால் 2910. முதல் இரண்டும் 4 பிட் துண்டுகள், அடுக்க வேண்டும். 2910 மட்டும் ஒரே சிப்பில் 12 பிட் முகவரி தரும், அதாவது 4096 சொல். 2902 என்பது கேரியை (கூட்டும்போது அடுத்த இடத்துக்கு எடுத்துச் செல்லும் 1) முன்கூட்டிக் கணிக்கும் 16 கால் சிப், 74எஸ்182-உம் இதுவும் ஒரே வேலை. 2904 கொடிகளையும் (விடையின் நிலையைச் சொல்லும் பிட்டுகள்) நகர்த்தலையும் பார்த்துக்கொள்ளும். 2914 இன்டரப்டைப் பார்த்துக்கொள்ளும்.

இன்டெல் 3000 தொடர் (1974) வேறு மாதிரி. 3002 என்பது 2 பிட் துண்டு, 28 கால். 16 பிட் போர்டில் இது எட்டு நிற்கும், பார்த்தவுடன் கண்ணில் படும். 3001 அதன் 40 கால் கட்டுப்பாட்டுச் சிப். சோவியத் நகல் கே589ஐகே01, கே589ஐகே02. செக்கோஸ்லோவாக்கியாவின் டெஸ்லா எம்எச்3001, எம்எச்3002 என்று செய்தது.

இவை தவிர எம்எம்ஐ 6701, டெக்சாஸ் 74எஸ்481, மோட்டோரோலா எம்சி10800, நேஷனலின் பழைய ஐஎம்பி-16 சிப்புகள் உண்டு. கையில் கிடைப்பது அரிது.

தேதியையும் பின்னெழுத்தையும் எப்படிப் படிப்பது?

நான்கு இலக்கத் தேதிக் குறியில் முதல் இரண்டு ஆண்டு, அடுத்த இரண்டு வாரம். 7832 என்றால் 1978-இன் 32-ஆவது வாரம். ஒரு சிப்பின் தேதியை வைத்து முடிவுக்கு வராதீர்கள். போர்டில் உள்ள எல்லாச் சிப்புகளின் தேதியையும் எழுதி, சாக்கெட்டில் இல்லாமல் நேரடியாக சால்டர் செய்தவற்றில் கடைசித் தேதியைப் பாருங்கள். போர்டு அதற்கு முன் செய்யப்பட்டிருக்க முடியாது. அதைவிடப் புதிய தேதி சாக்கெட்டில் இருந்தால் பெரும்பாலும் பின்னாளில் மாற்றியது.

ஏஎம்டி சிப்பில் ஏஎம்2901பி-டிசி என்று இருந்தால்: பி என்பது வேக வகை (எழுத்து இல்லாதது பழையது, பின் ஏ, பி, சி), டி செராமிக் உறை, கடைசி சி வணிக வெப்பநிலை, 0 முதல் 70 டிகிரி செல்சியஸ். டிஎம் என்று முடிந்தால் ராணுவத் தரம், மைனஸ் 55 முதல் 125 வரை. பி-யும் சி-யும் சேர்ந்து வந்தால் பிளாஸ்டிக் உறை.

எண்ணைப் பார்த்து ஏமாறக்கூடிய இடங்கள் எவை?

நிறைய. 7408 என்பது ஆண்ட் கேட்டாகவும் இருக்கலாம், 1974-இன் 8-ஆவது வாரமாகவும் இருக்கலாம். ஏஎம்2920 வெறும் 8 பிட் பதிவகம், இன்டெல் 2920 முற்றிலும் வேறான சிக்னல் பிராசசர். ஏஎம்29000 என்பது 1980-களின் 32 பிட் ரிஸ்க் பிராசசர், பெயர் மட்டுமே ஒற்றுமை. 2905, 2914, 2918 போன்றவை 2901 இல்லாத சாதாரண போர்டுகளிலும் வரும். 74181 இருந்தால் அது 4 பிட் ஏஎல்யு, பதிவகம் இல்லை, ஆகவே அதைக் கொண்டு கட்டிய சிபியுவை இங்கே பிட்-ஸ்லைஸ் என்று எடுத்துக்கொள்வதில்லை. சிக்னெடிக்ஸ் 8எக்ஸ்300-ஐயும் இதில் சேர்க்கிறவர்கள் உண்டு. அது வேகமான பைபோலார் 8 பிட் பிராசசர்தான், துண்டு அல்ல.

இது மதிப்பீட்டு போர்டா, இயந்திரத்திலிருந்து கழற்றியதா?

2901 இருக்கும் போர்டுகளில் மிகப் பெரும்பாலானவை மதிப்பீட்டு போர்டுகள் அல்ல. டிஜிட்டல் நிறுவனத்தின் வேக்ஸ்-11/730, டெக்சிஸ்டம்-2020, டேட்டா ஜெனரலின் நோவா 4, ஜெராக்ஸ் ஸ்டார், சுவிட்சர்லாந்தில் நிக்லாஸ் விர்த் வடிவமைத்த லிலித், எல்லாமே 2901 மேல் நின்றவை. அடாரியின் பேட்டில்ஜோன் விளையாட்டில் முப்பரிமாணக் கணக்குப் போட்டது நான்கு 2901. டிஸ்க் கன்ட்ரோலர்களில் இன்னும் அதிகம். 60 முனையும் 26 முனையும் கொண்ட இரண்டு வகை ரிப்பன் கேபிள் இணைப்பான்கள் விளிம்பில் இருந்தால் அது எஸ்எம்டி (ஸ்டோரேஜ் மாட்யூல் டிரைவ்) வகை டிஸ்க் கன்ட்ரோலர்தான்.

மதிப்பீட்டு போர்டின் அடையாளம் அதன் அச்செழுத்து. சுவிட்சுகளின் அருகே முகவரி, தரவு, ஏற்று, படி, ஓட்டு என்ற பொருளில் சொற்கள் அச்சிட்டிருக்கும். துண்டின் வெளியீட்டுக்கும் கேரி, குறி (கூட்டல்/கழித்தல் குறி), பூஜ்யம் போன்ற கொடிகளுக்கும் எல்இடி இருக்கும். மைக்ரோ நினைவகம் புரோமாக இல்லாமல் ராமாக இருக்கும், ஏனென்றால் படிப்பவர் மாற்றி மாற்றி எழுத வேண்டும். மைக்ரோ நினைவகமாக ராம், கையால் ஒரு படி நகர்த்தும் பொத்தான், ஒன்றோ இரண்டோ துண்டு மட்டும்: மூன்றும் சேர்ந்திருந்தால் சந்தேகம் வேண்டாம்.

இடைப்பட்ட வகை ஒன்று உண்டு. ராம் நிறைந்த போர்டிலிருந்து தட்டைக் கேபிள்கள் புறப்பட்டு, 16 அல்லது 24 கால் சாக்கெட்டில் செருகும் முனையில் முடிந்தால், அது புரோமுக்குப் பதிலாகச் செருகி மைக்ரோநிரலைச் சோதிக்கும் கருவி. அதில் துண்டுச் சிப் இருக்கவே இருக்காது. அதற்காக அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அக்காலப் பொறியாளர் உண்மையில் உட்கார்ந்து வேலை செய்தது அதில்தான்.

சிப் மேல் எழுத்து அழிந்துவிட்டது. 2901-ஐ எப்படி உறுதிசெய்வது?

40 கால் டிடிஎல் சிப் என்றதும் 40-இல் 5 வோல்ட், 20-இல் கிரவுண்ட் என்று எதிர்பார்ப்போம். 2901 அப்படி இல்லை. 10-ஆம் கால் 5 வோல்ட், 30-ஆம் கால் கிரவுண்ட். மின்சாரம் கொடுக்காமல், மல்டிமீட்டரைத் தொடர்ச்சி நிலையில் வைத்து இந்த இரண்டையும் பக்கத்தில் உள்ள 74 தொடர் சிப்பின் மின் கால்களோடு சேர்த்துப் பாருங்கள். 2910-உம் இதே 10, 30 அமைப்புதான், ஆகவே அடுத்த படி வேண்டும்: 2901-இல் 40-ஆம் கால் வெளியீட்டைத் திறக்கும் கட்டுப்பாடு, சிறிய போர்டுகளில் அது பெரும்பாலும் நேராகக் கிரவுண்டில் இருக்கும். 36 முதல் 39 வரை நான்கு வெளியீடுகள், எல்இடி ஓட்டிக்கோ பஸ்ஸுக்கோ போகும்.

சோவியத் சிப் என்றால் இன்னொரு வித்தியாசம். கால் இடைவெளி 2.54 மில்லிமீட்டர் இல்லை, 2.5. ஒரு பக்கத்து 20 கால்களுக்கு 19 இடைவெளி, மொத்தம் 0.76 மில்லிமீட்டர் குறையும். சாதாரண சாக்கெட்டில் செருகும்போது கோடிக் கால்கள் சாய்ந்து நிற்கும்.

பல துண்டுகள் இருந்தால் எது கீழ் பிட், எது மேல் பிட்?

நகர்த்தல் கம்பிகளைப் பிடித்துப் போனால் வரிசை தானே வெளிப்படும். ஒரு துண்டின் 8-ஆம் கால் (ராம்3) அடுத்த மேல் துண்டின் 9-ஆம் காலோடு (ராம்0) இணைந்திருக்கும். அதேபோல் 16 (கியூ3) அடுத்ததன் 21-ஓடு (கியூ0). இப்படி நான்கையும் கோர்த்து, யாருடைய 9-உம் 21-உம் வேறு துண்டுக்குப் போகவில்லையோ அது கீழ்த் துண்டு.

பிறகு கேரி. 33-ஆம் கால் (சிஎன்+4) நேராக அடுத்ததன் 29-க்குப் (சிஎன்) போனால் ஒன்றன்பின் ஒன்றாகக் கேரி நகரும் எளிய அமைப்பு. 32, 35 ஆகிய இரண்டும் ஒரு 16 கால் சிப்புக்குப் போனால் அது 2902 அல்லது 74எஸ்182. மேல் துண்டின் 31 (எஃப்3) குறிக் கொடி, அதன் 34 (ஓவிஆர்) வழிதல் கொடி. எல்லாத் துண்டுகளின் 11-ஆம் கால்களும் (எஃப்=0) ஒன்றாகச் சேர்ந்து ஒரு மின்தடை வழியே 5 வோல்ட்டுக்குப் போகும், ஏனென்றால் அது ஓபன் கலெக்டர் வெளியீடு, தாழ்நிலைக்கு மட்டும் இழுக்கும், உயர்நிலைக்கு மின்தடைதான் இழுக்க வேண்டும்.

மைக்ரோ சொல் எத்தனை பிட், எந்தப் பிட் எதற்கு?

நினைவகச் சிப்புகளை எண்ணுங்கள். 16×4 ராம் (74எஸ்189, 3101, ஏஎம்27எஸ்02) எட்டு ஒரே முகவரிக் கம்பிகளைப் பகிர்ந்தால் 32 பிட். 82எஸ்129, 74எஸ்287 போன்றவை 256×4 புரோம், 74எஸ்571 என்பது 512×4. சிப் எண்ணிக்கையை அதன் அகலத்தால் பெருக்கினால் சொல்லின் அகலம்.

4 பிட் கற்றல் போர்டில் 32 பிட் எப்படிச் செலவாகிறது என்று கணக்கிட்டுப் பாருங்கள்: தாவும் முகவரி 4, அடுத்த முகவரிக் கட்டளை 4, நகர்த்தல் தேர்வு 2, 2901-இன் கட்டளை 9, கேரி 1, ஏ முகவரி 4, பி முகவரி 4, நேரடித் தரவு 4. கூட்டினால் சரியாக 32. வீணான பிட் ஒன்றுகூட இல்லை.

கம்பியைப் பின்தொடர 2901-இன் கட்டளைக் கால்கள் தெரிய வேண்டும். ஐ0, ஐ1, ஐ2 முறையே 12, 13, 14. இதோடு ஒழுங்கு முடிந்தது. ஐ3 26-இல், ஐ4 28-இல், ஐ5 27-இல். ஐ6 5-இல், ஐ7 7-இல், ஐ8 6-இல். கையால் வயர் செய்த போர்டுகளில் பிழை வருவது பெரும்பாலும் இந்த மாறிய இடங்களில்தான்.

நினைவகத்துக்கும் துண்டுக்கும் நடுவே 74எஸ்174, 74எஸ்374, 2918 என்று பதிவகங்கள் நின்றால் அது பைப்லைன். ஒரு சொல் நடக்கும்போதே அடுத்ததை எடுத்துவைக்கும். கொடிகளும் தனிப் பதிவகத்தில் தங்கினால், இந்தச் சொல்லில் வந்த கொடியை அடுத்த சொல்லில்தான் சோதிக்க முடியும். மைக்ரோநிரல் எழுதும்போது தாவல் ஒரு படி தவறிப் போவதற்கு முதல் காரணம் இது.

மின்சாரம் கொடுப்பதற்கு முன் என்ன செய்ய வேண்டும்?

இரு பக்கமும் படம் எடுங்கள். புரோம் இருந்தால் முதலில் அதைக் கழற்றிப் படித்துவிடுங்கள் (கீழே தனியாகச் சொல்லியிருக்கிறோம்). சாக்கெட் சிப்புகளின் கால்கள் கறுத்திருந்தால் அது வெள்ளிப் பூச்சின் கறை. சுரண்டாதீர்கள், கால் தோள்பட்டையில் ஒடியும். ஒருமுறை மெதுவாகத் தூக்கி மறுபடி அமுக்கினாலே தொடர்பு சரியாகிவிடும்.

5 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் இடையே மின்தடையைப் பாருங்கள். பைபோலார் போர்டில் சில பத்து ஓம் காட்டுவது இயல்பு. 1 அல்லது 2 ஓம் என்றால் ஷார்ட், பெரும்பாலும் டாண்டலம் கெபாசிட்டர். அதைக் கண்டுபிடிக்க சப்ளையை 0.5 வோல்ட்டிலும் 1 ஆம்பியர் வரம்பிலும் வையுங்கள். அந்த வோல்ட்டில் டிடிஎல் சிப் குறிப்பிடத்தக்க மின்னோட்டம் எடுக்காது. ஓடுவதெல்லாம் ஷார்ட்டானதன் வழியேதான். மில்லிவோல்ட் அளவில் மின்தடம் நெடுக அளந்து போனால், மிகக் குறைவாக இருக்கும் இடத்தில் குற்றவாளி இருக்கும்.

பிறகு எதிர்பார்க்கும் மின்னோட்டத்தைக் கணக்கிடுங்கள். தோராயமாக 2901-க்கு 0.2 ஆம்பியர், 2910-க்கு 0.25, ஒவ்வொரு பைபோலார் ராம் அல்லது புரோமுக்கும் 0.1. ஒரு துண்டு போர்டு 1.5 ஆம்பியர் அளவில் நிற்கும், 16 பிட் போர்டு 4 முதல் 6 வரை போகலாம். மெல்லிய வயரில் கொடுத்தால் வழியிலேயே அரை வோல்ட் போய்விடும். சப்ளையில் 5 காட்டுகிறதா என்று பார்க்காதீர்கள். கடைசிச் சிப்பின் காலில் 4.75-க்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள். 2901 கை வைக்க முடியாத அளவு சுடுவது கோளாறு அல்ல, ஒரு சிறிய விசிறி போதும்.

எல்லாம் 5 வோல்ட்தானா?

இல்லை, இங்கே தவறினால் சிப் திரும்ப வராது. எம்சி10800 இசிஎல் வகை. அதற்கு மைனஸ் 5.2 வோல்ட்டும் மைனஸ் 2 வோல்ட்டும் வேண்டும், கிரவுண்ட்தான் மேல் முனை. எஸ்பிபி0400 ஐ-ஸ்கொயர்-எல் வகை. அதன் இன்ஜெக்டர் கால் ஒரு டயோடு போல ஒரு வோல்ட்டுக்கும் குறைவாக நிற்கும். அதற்குத் தர வேண்டியது மின்னோட்டம். தொடரில் மின்தடை இல்லாமல் 5 வோல்ட் நேராகக் கொடுத்தால் அந்தக் கணமே போய்விடும்.

2901 வேலை செய்கிறதா என்று சுருக்கமாகச் சோதிப்பது எப்படி?

2901-க்குக் குறைந்தபட்சக் கடிகார வேகம் கிடையாது. ஒரு துடிப்பு கொடுத்துவிட்டு டீ குடித்து வந்தாலும் பதிவகம் அப்படியே இருக்கும். அதனால் சுவிட்சும் எல்இடியும் போதும்.

கட்டளையை மூன்று எண்ணாக எழுதுவது வழக்கம்: சேருமிடம் (ஐ8-6), செயல் (ஐ5-3), மூலம் (ஐ2-0). 337 என்றால் தரவை அப்படியே பி பதிவகத்தில் வை. தரவு 5, பி முகவரி 1, ஒரு துடிப்பு. தரவு 3, பி முகவரி 2, இன்னொரு துடிப்பு. இப்போது 301, அதாவது ஏ-யும் பி-யும் கூட்டி பி-யில் வை. ஏ 1, பி 2, சிஎன் 0. துடிப்பு கொடுப்பதற்கு முன்பே வெளியீட்டில் 8 (1000) தெரியும், குறி எல்இடியும் வழிதல் எல்இடியும் எரியும், குறியுள்ள 4 பிட் எண்ணில் 5-உம் 3-உம் கூட்டிய 8 அடங்காது என்பதால்.

துடிப்பு கொடுத்ததும் எல்இடியில் 13 (1101) வரும். பலர் இங்கே சிப் கெட்டது என்று முடிவு செய்துவிடுகிறார்கள். கெடவில்லை. இரண்டாம் பதிவகத்தில் 8 போய் உட்கார்ந்துவிட்டது, ஏஎல்யு உடனே 5-ஐயும் 8-ஐயும் கூட்டிக் காட்டுகிறது. பதிவகத்தை மாற்றாமல் படிக்க 134 போட்டு ஏ முகவரியில் 2 வையுங்கள், 8 தெரியும்.

கழித்தலுக்கு 311 (பி-யிலிருந்து ஏ-யைக் கழி). சிஎன் 1 வைக்க வேண்டும். 0 வைத்தால் விடை ஒன்று குறையும்.

விடை தப்பாக வருகிறது. எங்கே பார்ப்பது?

பைபோலார் டிடிஎல்லில் தொங்கும் உள்ளீடு 1 ஆகத் தெரியும் என்பதை மனதில் வைத்தால் பாதிக் கோளாறு விளங்கிவிடும். 8-க்குப் பதில் 9 வந்தால் சிஎன் கம்பி அறுந்திருக்கிறது. ஒரு பிட் எப்போதும் 1 என்றால் அந்தத் தரவுச் சுவிட்ச். நான்கும் 1 ஆகவே நின்றால் 40-ஆம் கால் கிரவுண்டுக்குப் போகாமல் வெளியீடு மூடிக் கிடக்கிறது. பூஜ்யக் கொடி எப்போதும் எரியாவிட்டால் 11-ஆம் காலின் மின்தடை.

337-இல் 5 ஏற்றும்போது எல்இடியில் 5 சரியாகத் தெரிந்து, திரும்பப் படிக்கும்போது 2 அல்லது 10 வந்தால் ஐ7-உம் ஐ8-உம் மாறியிருக்கின்றன. 3 என்ற சேருமிடம் 5 ஆகி, சிப் எண்ணை ஒரு இடம் வலப்பக்கம் தள்ளிச் சேமிக்கிறது. ராம்3 கால் தொங்கினால் மேலே ஒரு 1 நுழைந்து 10 ஆகிறது. ஏற்றும்போதே 0 தெரிந்தால் ஐ4-உம் ஐ5-உம் மாறியவை.

சுவிட்சை மாற்றும்போதே பதிவகங்கள் தாமாக மாறினால் கடிகாரத்தின் ஓய்வு நிலையைப் பாருங்கள். 15-ஆம் கால் தாழ்ந்திருக்கும்போதுதான் 2901 பதிவகத்தில் எழுதுகிறது. பைப்லைன் இல்லாத போர்டில் படிப் பொத்தான் தாழ்நிலையில் நின்றால், நீங்கள் பி முகவரியை நகர்த்தும் வழியெல்லாம் எழுதிக்கொண்டே போகும். ஓய்வில் அது உயர்நிலையில் நிற்க வேண்டும். ஒரு அழுத்தலுக்கு இரண்டு மூன்று படி தாவினால் பொத்தானின் அதிர்வு. அதைத் தடுக்கும் லாட்ச் சிப்பைச் சோதியுங்கள்.

சீக்வென்சர் வரிசையாகப் போகவில்லையே?

இரண்டு 2909 அடுக்கிய போர்டில் முகவரி (பதினாறடிமானத்தில்) 00, 11, 22 என்று ஓடினால் கீழ்ச் சிப்பின் கேரி மேல் சிப்புக்குப் போகும் கம்பி அறுந்திருக்கிறது. 0எஃப்-க்குப் பின் 10 வராமல் 00 வந்தால் அதே கம்பி கிரவுண்டில் ஒட்டியிருக்கிறது. முகவரி நகரவே இல்லை என்றால் கீழ்ச் சிப்பின் கேரி உள்ளீடு தாழ்ந்திருக்கிறது, அல்லது பூஜ்யமாக்கும் கால் பிடித்து வைத்திருக்கிறது. 2910-இல் கட்டளை 0 முகவரியைப் பூஜ்யத்துக்குக் கொண்டுபோய் அடுக்கையும் (திரும்பி வர வேண்டிய முகவரிகளை வைக்கும் ஸ்டாக்) காலி செய்யும், 14 (இ) ஒவ்வொன்றாக நகர்த்தும். பைப்லைன் பதிவகம் தொடக்கத்தில் 0 ஆகாவிட்டால் போர்டு எங்கிருந்தோ தொடங்கும்.

புரோம்களை எப்படிப் படிப்பது? படித்ததை எப்படி அடுக்குவது?

பழைய நிக்குரோம் ஃப்யூஸ் புரோம்களில் எரித்த ஃப்யூஸ் காலப்போக்கில் மறுபடி ஒட்டிக்கொள்வது உண்டு. அதனால்தான் முதலில் படிக்கச் சொன்னோம். 82எஸ்129 போன்ற 16 கால் சிப்புக்கு 5 வோல்ட் மைக்ரோகன்ட்ரோலர் போர்டு ஒன்று போதும். முகவரி 0 முதல் 7 வரை கால்கள் 5, 6, 7, 4, 3, 2, 1, 15. வெளியீடு 12, 11, 10, 9. 13, 14 கிரவுண்டில், 8 கிரவுண்ட், 16 5 வோல்ட். 82எஸ்126 ஓபன் கலெக்டர் என்பதால் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் 1 முதல் 4.7 கிலோஓம் மின்தடை 5 வோல்ட்டுக்கு வேண்டும். இல்லாவிட்டால் எல்லாம் குழம்பும். மூன்று முறை படித்து ஒப்பிடுங்கள், ஒரு பிட் மாறி மாறி வந்தால் அந்த ஃப்யூஸ்தான் பலவீனமானது.

ஒவ்வொரு சிப்பின் கோப்பையும் தனியாகப் பார்த்தால் பொருள் வராது. ஒரே முகவரியின் பிட்டுகளைப் பக்கவாட்டில் ஒட்டி, கால் தடத்தின்படி நெடுவரிசைக்குப் பெயர் வையுங்கள். 301, 337, 134 போன்ற எண்கள் தலைகாட்டத் தொடங்கினால் வரிசை சரி.

3001 போர்டின் மைக்ரோநிரல் சிதறிக் கிடப்பது ஏன்?

3001-இல் ஒன்றொன்றாகக் கூட்டும் எண்ணியே இல்லை. 512 சொற்களை 32 கிடைவரிசை, 16 நெடுவரிசை என்று கட்டமாகப் பார்க்கிறது. ஒவ்வொரு சொல்லும் 7 பிட் தாவல் குறியால் அடுத்த கட்டத்தைச் சொல்லும், அதுவும் பெரும்பாலும் அதே கிடைவரிசையிலோ நெடுவரிசையிலோ எட்டக்கூடிய இடத்தை. ஆகவே மைக்ரோநிரல் எழுதியவர் சதுரங்கக் காய் நகர்த்துவது போல இடம் பார்த்து வைத்திருப்பார். 0, 1, 2 என்று படிக்காமல், தாவல் குறியைப் பிடித்துக் கட்டத்தாளில் கோடு போட்டுக்கொண்டு போங்கள்.

மாற்றுச் சிப் போடும்போது கவனிக்க வேண்டியது?

சைப்ரஸ் சிஒய்7சி901 போன்ற சிமாஸ் வடிவங்கள் 2901-இன் அதே கால்களில் பொருந்தும், சூடும் குறைவு. ஆனால் சிமாஸில் தொங்கும் உள்ளீடு 1 ஆகாது, எதுவாகவும் ஆகும். அசல் போர்டில் இணைக்காமல் விட்ட கால்களுக்கெல்லாம் மின்தடை வைத்து 5 வோல்ட்டில் கட்டுங்கள். 2910ஏ இருந்த இடத்தில் 2910 போட்டால் அடுக்கு ஆழம் 9-இலிருந்து 5 ஆகும், ஆழமாக அழைக்கும் நிரல் வழி தவறும். 74எஸ்189 ராம் தான் சேமித்ததைத் தலைகீழாக்கிக் கொடுக்கும், போர்டு அதை எதிர்பார்த்தே செய்யப்பட்டது. நேராகக் கொடுக்கும் 74எல்எஸ்219-ஐ அங்கே வைத்தால் அந்த நான்கு பிட்டுகளும் கவிழ்ந்து வரும்.